மயிலாப்பூரில் விளக்கை எரியவிட்டவர் யார்?

இவ்வாரத் தியானம்
வாசிக்க: வெளிப்படுத்தின விசேஷம் 2:1-7; ஆதியாகமம் 26:15-22



நம் வட்டாரத்துச் சபைகளில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு பலமாக ஒலிக்கிறது. "பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவோம். கோபுரம் கொள்ளிடத்து மறுகரையிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்" என்பதே அப்பேச்சு. இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பெரும்பாலும் வெளியூரில் உழைத்து, பிறந்த ஊரின்மேல் பாசம் மாறாமல், காணிக்கை அனுப்பத் துடிக்கிறவர்களே இதைச் சொல்கிறார்கள். ஆயினும் இந்தப் பேச்சை நான் எதிர்க்கிறேன். ஏன் எதிர்க்கிறேன் என்பதை மறைவின்றி எழுதுவது போதகனின் கடமை. பொறுமையோடு வாசியுங்கள், வாசித்தபின் மறுப்பிருந்தால் வீட்டுக்கு வந்து வழக்காடுங்கள்.

முதலில், நம் தமிழ் மண்ணில் காணாமற்போன ஓர் ஆலயத்தின் வரலாற்றைச் சொல்கிறேன். அதன் முடிவை அறிந்தவர்கள் கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் ஒருமுறையாவது தயங்குவார்கள்.

மயிலாப்பூர்க் கடற்கரையில், அப்போஸ்தலனாகிய தோமாவின் கல்லறை என்று காட்டப்பட்ட இடத்தின்மேல், போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்கு வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஒரு சிற்றாலயம் இருந்தது. தோமா கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்தார் என்னும் மரபைப் பற்றி நான் இங்கே வழக்காடவில்லை. இடைக்காலத்தில் அங்கே ஓர் ஆலயம் இருந்தது என்பதற்கு வேறுவேறு நாட்டுப் பயணிகளே சாட்சிகள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஊரைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அது வணிகர் அதிகம் வராத சிற்றூர் என்கிறார். ஆயினும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அங்கே யாத்திரை வந்தனர் என்றும், அவ்விடத்துச் செம்மண்ணை நோய் தீர்க்கும் மருந்தாக எடுத்துச் சென்றனர் என்றும் குறிக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் சீனாவுக்குப் போகும் வழியில் இந்தியாவில் பதின்மூன்று மாதம் தங்கிய பிரான்சிஸ்கன் துறவி மோன்தெகோர்வினோ யோவான், இப்பகுதியில் சுமார் நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். அவரோடு வந்த பிஸ்தோயா நிக்கோலா இங்கேயே இறந்து, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1320-களின் தொடக்கத்தில் வந்த ஒடோரிக் என்னும் துறவி, ஆலயத்தை அடுத்துப் பதினைந்து கிறிஸ்தவ வீடுகள் இருக்கக் கண்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப்பின் வந்த வெனிசு வணிகர் நிக்கோலோ தெ கோன்தி, ஆலயம் பெரியதும் அழகியதுமாய் இருந்ததென்றும், நகரில் ஆயிரம் கிறிஸ்தவர் வாழ்ந்தனர் என்றும் பதிவு செய்தார். பதினைந்து வீடுகள் ஆயிரம் பேராகின. கட்டடமும் பெரிதாகி, அழகும் பெற்றது. இன்றைய நம் கணக்கின்படி அது வளர்ந்த சபை. கர்த்தர் ஆசீர்வதித்த சபை.

இனி அடுத்த நூறாண்டுக்குள் நடந்ததைப் பாருங்கள். 1517-ல் போர்ச்சுக்கீசியர் தேடிவந்து பார்த்தபோது ஆலயம் பாழடைந்து கிடந்தது. அக்காலத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்ச்சுக்கீசியர் அதை விவரிக்கிறார். பலிபீடத்திலும் மேற்கவிகையிலும் சிலுவைகள் இருந்தன; மயில் உருவங்களும் செதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அதைப் பராமரிக்கக் கிறிஸ்தவர் எவரும் இல்லை. ஏழை இஸ்லாமியர் ஒருவரே அதைக் காத்துவந்தார். அவர் பிச்சை எடுத்தார். அந்தப் பிச்சைக் காசில் எண்ணெய் வாங்கி, இரவில் ஒரு விளக்கை எரியவிட்டார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தைக் கடந்து வேகமாய்ப் போய்விடாதீர்கள். ஆயிரம் பேர் இருந்த சபை எங்கே போயிற்று? அவர்களைக் கொன்றழித்ததாகவோ ஊரைவிட்டுத் துரத்தியதாகவோ இந்தப் பயணிகள் எவரும் எழுதவில்லை. அவர்கள் வழிபட்ட மொழி சிரியாக். பரங்கிமலையில் 1547-ல் அடித்தளம் தோண்டும்போது கிடைத்த பழைய கற்சிலுவையைச் சுற்றியிருக்கும் எழுத்து, பாரசீக நாட்டின் பஹ்லவி. அம்மக்கள் தமிழில் எழுதிய ஜெபமோ, பாட்டோ, உபதேசமோ ஒன்றும் நம் கைக்கு வந்துசேரவில்லை. சுற்றிலும் ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிய மொழி; திருமயிலையில் ஞானசம்பந்தர் பாடிய மொழி. அந்த மொழியில் அச்சபை தன் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றதாக நாம் காட்டக்கூடியது ஏதுமில்லை. அதன் அழிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் தன் ஊர் மொழியில் ஜெபத்தைப் பிள்ளைகளின் நாவில் பதிக்காத சபை மறதிக்கு மிக அருகில் வாழ்கிறது என்று துணிந்து சொல்வேன்.

ஆக, முதல் இழப்பு இதுதான்: கட்டடம் நின்றது, மக்கள் இல்லாமற்போனார்கள்.

இரண்டாம் இழப்பைப் பலர் இழப்பென்றே எண்ணுவதில்லை. 1523-ல் போர்ச்சுக்கீசியர் அங்கே வந்து தோண்டினர். பாழான ஆலயத்தைச் செப்பனிட்டனர். பின்பு தங்கள் முறைப்படி மாற்றிக் கட்டினர். அவர்கள் கட்டியதும் நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதையும் அகற்றிவிட்டு, கோத்திக் பாணியில் வானுயர்ந்த கோபுரத்தோடு இன்றைய சாந்தோம் பேராலயத்தை எழுப்பினர். 1896-ல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அந்தப் பேராலயத்தின் அழகை நான் குறைகூறவில்லை. அங்கே ஜெபிக்கும் மக்களையும் குறைகூறவில்லை. ஆனால் மார்க்கோ போலோ காலத்துச் சுவர் எங்கே? சிலுவைகளோடு மயில்களைச் செதுக்கிய தச்சனின் கைவேலை எங்கே? கல்லறை என்று காட்டப்படும் இடம் மட்டுமே எஞ்சியது. பாழாய்ப் போயும் பல ஆண்டு விளக்கெரிந்த ஆலயத்தை, பக்தியோடு வந்தவர்களே பக்தியோடு மறைத்துவிட்டார்கள்.

மயிலாப்பூரின் பாடம் எனக்கு இதுவே. அலட்சியத்தால் பாதி அழிந்தது. மீதி ஆர்வத்தால் அழிந்தது.

இங்கிலாந்தின் சிறு நகரங்களிலும் இப்படிக் காணாமற்போன சிற்றாலயங்கள் பல உண்டு. இறந்தோரின் ஆன்ம இளைப்பாறுதலுக்காக ஜெபிக்கும்படி, செல்வர்கள் நிலமும் பொருளும் எழுதிவைத்து, அதற்கென்று குருக்களை அமர்த்திய ஆலயங்கள் அவை. பரங்கிமலையில் சிலுவை கிடைத்த அதே 1547-ஆம் ஆண்டில், ஆறாம் எட்வர்ட் அரசனின் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. அந்த மானியங்கள் அரசுடைமையாயின. மானியம் போனதும் ஜெபம் நின்றது. ஜெபம் நின்ற கட்டடங்கள் கிடங்காகவும் கடையாகவும் வீடாகவும் மாறின. பல இடிந்து மறைந்தன. சில ஊர்களில் தெருப்பெயர் ஒன்றே மிச்சம். அந்த ஜெபமுறையைச் சீர்திருத்தத் திருச்சபை தள்ளியதற்கு வேத ஆதாரமுள்ள காரணங்கள் உண்டு; அவற்றை நானும் ஏற்கிறேன். நான் சுட்டுவது வேறு. பணத்தின்மேல் நின்ற ஜெபம், பணம் போன நாளில் போயிற்று. மயிலாப்பூரிலோ, மானியமில்லாத ஏழை ஒருவர் பிச்சையெடுத்து ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் நம் அருகிலேயே உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் நாள் ஒரு சிறிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். எருசலேம் ஆலயம் என்று அதற்குப் பெயர். அதுவும் இன்று இல்லை. அந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டது. 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயமே இன்று நாம் போய்ப் பார்க்கும் ஆலயம். அடுத்த ஆண்டே தம் முப்பத்தாறாம் வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார். முதல் ஆலயம் காணாமற்போனது. ஆனால் சபை காணாமற்போகவில்லை. ஏன்? அவர் வந்த சில ஆண்டுகளுக்குள் தமிழ் கற்றார்; பள்ளி வைத்தார்; 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1733-ல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். ஜெபமும் வேதமும் ஊழியமும் ஊர்க்காரரின் நாவுக்கும் கைக்கும் வந்து சேர்ந்தன. கடல் ஒரு கட்டடத்தைக் கொண்டுபோகலாம். மனப்பாடமான வசனத்தைக் கொண்டுபோக முடியாது.

இன்னொரு சாட்சி நம் ஒன்றியத்திலேயே இருக்கிறது. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல அன்னைக்கு ஆலயம் எடுத்த வீரமாமுனிவர், நம் சீர்திருத்த முன்னோரைக் கடுமையாய்ச் சாடி எழுதியவர். ‘வேதவிளக்கம்’ முதலிய நூல்களில் அவர் தரங்கம்பாடியாரை விட்டுவைக்கவில்லை. அவருடைய போதனையில் நாம் ஏற்காதவை பல உண்டு. ஆனாலும் உண்மையைச் சொல்லத் தயங்கக் கூடாது. அந்த இத்தாலியர் அவ்வூருக்குக் கல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவ்வூரைப் பாட்டுடைத்தலமாக்கித் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். இன்றும் அங்கே சாதி சமயம் பாராமல் மக்கள் நடந்துவருகிறார்கள். ஊரின் மொழியில் வேர்விட்டது நிற்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம் கிராமத்துச் சிற்றாலயங்களை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கனத்த சுவர், ஓட்டுக்கூரை, ஒரு மணி, ஐம்பது பேர் உட்காரும் இடம். இவற்றைக் கட்டியவர்கள் கூலி வேலை செய்து, ஒருவேளை உணவைக் குறைத்து, கையால் கல் சுமந்தவர்கள். அவற்றை இடிக்க மூன்று காரணம் சொல்லப்படுகிறது. மூன்றையும் எடுத்து ஆராய்வோம்.

முதற்காரணம்: "சுவர் ஈரம் கோத்து உதிர்கிறது, கூரை ஒழுகுகிறது." மெய்தான். மழைநாளில் முதியவர்களை நனையவிடுவது பக்தியாகாது. ஆனால் பல இடங்களில் சுவர் உதிர்வதற்குக் காரணம் அதன் முதுமை அன்று; நாம் பூசிய சிமெண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லை அரிக்கிறது. அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிச் சிமெண்டாக்கி ஊரூராய் அனுப்பும் மாவட்டத்தில் வாழும் நமக்கு, சுண்ணாம்பின் அருமையை அயலார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது! பழைய பூச்சை உரித்து, சுண்ணாம்பிலே பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். ஓட்டை மாற்றுங்கள், உத்திரத்தைப் பாருங்கள். கட்டடம் மெய்யாகவே ஆபத்தான நிலையில் இருக்கிறதென்று அறிந்த பொறியாளர் எழுதிக்கொடுத்தால், அப்போது இடிப்பதைப் பற்றிப் பேசுவோம். கோபுர ஆசையை ஒழுகும் கூரையின் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள்.

இரண்டாம் காரணம்: "இடம் போதவில்லை." எப்போது போதவில்லை? கிறிஸ்துமஸ் அன்றும், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையிலும், ஈஸ்டர் அன்றும். அந்த மூன்று நாளுக்குப் பந்தல் போடலாம். மற்ற ஞாயிறுகளில் எண்ணிப் பாருங்கள். ஐம்பது பேருக்கான ஆலயத்தில் எத்தனை பேர்? திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களின் எண்ணிக்கையைச் சேர்த்து, இங்கே நாற்காலி போடுகிறோம். ஐந்நூறு பேர் அமரும் மண்டபத்தில் முப்பது பேர் பாடும் பாட்டின் எதிரொலியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஒலி உள்ளத்தைச் சோர்வடையச் செய்யும்.

மூன்றாம் காரணமே வலுவானது, வேதத்திலிருந்து வருவது. "ஆகாய் தீர்க்கதரிசி என்ன சொன்னார்? ஜனங்கள் மச்சுப்பாவிய வீடுகளில் குடியிருக்க, கர்த்தரின் ஆலயம் பாழாய்க் கிடக்கலாமா என்று கேட்கவில்லையா?" கேட்டார். ஆனால் யாரிடம் கேட்டார் என்பதையும் பாருங்கள். எருசலேமிலேயே குடியிருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் கண்முன் இருந்தது பாபிலோனியர் இடித்துப்போட்ட மேடு. நிற்கிற ஆலயத்தை இடித்துப் பெரிதாக்கும்படி ஆகாய் ஒருவரையும் ஏவவில்லை. எஸ்றாவின் புத்தகத்தையும் சேர்த்து வாசியுங்கள். புதிய ஆலயத்தின் அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரத்த சத்தமாய் அழுதார்கள். அந்த அழுகையை வேதம் மறைக்கவில்லை. மகிழ்ச்சியின் ஆரவாரத்தோடு சேர்த்தே எழுதிவைத்திருக்கிறது. நம் ஊர் முதியவர்கள் அழும்போது, "காலத்துக்கு ஒவ்வாதவர்கள்" என்று ஒதுக்குகிறோமே, அதற்கு வேதத்தில் எங்கே ஆதாரம்?

நாம் வாசித்த பகுதியில் ஈசாக்கு என்ன செய்தான்? தன் தகப்பன் வெட்டின கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டு மூடியிருந்தார்கள். அவன் அவற்றை மறுபடியும் தோண்டினான். தகப்பன் இட்ட பெயர்களையே மறுபடியும் இட்டான். அதற்குப் பின்பே புதுக் கிணறுகளுக்குப் போனான். பழைய கிணற்றைத் தூர்த்துவிட்டு, அதே இடத்தில் தன் பெயர் பொறித்த கல்லை நாட்டியதாக அங்கே எழுதியிருக்கவில்லை. நம் புதிய ஆலயங்களிலோ, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது நன்கொடையாளர் பெயர்ப்பலகை. முதல் ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பளிங்கில் இருக்கிறது?

எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்ன எச்சரிப்பு இன்னும் கடுமையானது. அவர் கட்டடத்தை இடிப்பேன் என்று பயமுறுத்தவில்லை. ஆதி அன்பை விட்டுவிட்ட சபையின் விளக்குத்தண்டையே அதன் இடத்திலிருந்து நீக்குவதாக எச்சரித்தார். விளக்குத்தண்டு நீங்கிய ஆலயம் பளிங்குத் தரையோடும் நின்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வேறுபாடு தெரியாது.

"போதகரே, அப்படியானால் எங்கள் காணிக்கை வேண்டாமா?" என்று வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் கேட்பீர்கள். வேண்டும், மிகவும் வேண்டும். எதற்கு வேண்டும் என்று எழுதுகிறேன்.

உபதேசியாருக்கு மாதம் தவறாமல் சம்பளம் போக வேண்டும். ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றும் பணியாளருக்கு மனிதன் வாழத்தக்க ஊதியம் வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்து, வேதாகமத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு, ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் வாசிப்பு கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். மயிலாப்பூரின் ஆயிரம் பேரை நினைத்துக்கொண்டு இந்தக் கோரிக்கையை வாசியுங்கள். பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் செல்லரிக்குமுன் அவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம், இந்தச் சுவரை யார் கட்டினார், இந்த மணி எங்கிருந்து வந்தது, முதன்முதலில் இங்கே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவு குறைவு. கல்வெட்டில் பெயரும் வராது. அதனால்தான் இதற்குக் கைகள் நீள்வதில்லை என்று நான் சந்தேகிக்கிறேன். என் சந்தேகம் தவறென்று நிரூபியுங்கள். உங்களைவிட நான்தான் அதிகம் மகிழ்வேன்.

ஊரிலேயே இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். வெளியூரார் பணம் அனுப்பட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். வாரநாளில் மாலை ஆறு மணிக்கு ஆலயக் கதவு திறந்திருக்கிறதா? வீட்டுக்கொருவர் முறைவைத்து, ஒரு சங்கீதம் வாசித்து, ஊருக்காக ஒரு ஜெபம் ஏறெடுக்க நம்மைத் தடுப்பவர் யார்? இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எந்தக் குழுவின் தீர்மானமும் வேண்டியதில்லை. ஒரு சாவியும் ஒரு விளக்கும் போதும்.

அந்த ஏழை இஸ்லாமியரின் பெயர் நமக்குத் தெரியாது. தமக்குச் சொந்தமில்லாத ஆலயத்தில், தம் சமயத்தார் அல்லாத ஒருவரின் கல்லறைக்கு, தமக்கென்று கேட்டிருக்கக்கூடிய பிச்சையை எண்ணெயாக்கி ஊற்றினார். நியாயத்தீர்ப்பின் நாளில் மயிலாப்பூரின் ஆயிரம் பேரும், தோண்டிக் கட்டிய போர்ச்சுக்கீசியரும், கொள்ளிடக் கரையில் வாழ்கிற நாமும் அந்த மனிதர் முன்னிலையில் நின்று, "உன் விளக்கு எங்கே?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆலயக் கட்டுமானத் தீர்மானம் உங்கள் சபைக்கு வருமானால், கை தூக்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கட்டிமுடித்த மறுநாள் திங்கட்கிழமை மாலையில் இதற்குள் விளக்கேற்றப் போகிறவர் யார்? பெயர் சொல்லி விடை வந்தால் மேலே பேசுங்கள். விடை வராவிட்டால் கையை இறக்கிவிடுங்கள்.

ஜெபம்: விளக்குத்தண்டுகளின் நடுவே உலாவுகிற ஆண்டவரே, எங்கள் முன்னோர் கண்ணீரோடு கட்டியதை மதிக்கும் இருதயத்தைத் தாரும். பெயருக்காகக் கட்டும் ஆசையை எங்களைவிட்டு நீக்கும். எங்கள் பிள்ளைகளின் நாவில் உம்முடைய வார்த்தையை எங்கள் தாய்மொழியில் வையும். எங்கள் ஊரில் உமக்கென்று எரியும் விளக்கு அணையாதிருக்க, அதற்கு எண்ணெய் வார்க்கும் கைகளாக எங்களை ஏற்றுக்கொள்ளும். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.